தழும்பு ஆறும் காலம்

"இது இப்படியேதான் இருக்குமா மிஸ்?" மஹரகமவில் மார்பகத்தை அகற்றிவிட்டு வந்த சகோதரி ஒருவர் என்னிடம் கேட்டார். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, புத்தளத்து ஓலைக்கொட்டிலில் பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது கணவர் கண்ணில் படாமல் இருட்டில் உடை மாற்றுகிறார்.

சகோதரிகளே, முதல் வாரங்களில் தெரிவது முடிவான தோற்றமல்ல. வீக்கம் மெல்ல வற்றும். சிவந்து தடித்த தழும்பு மங்க ஒரு வருடமும் செல்லலாம். கக்கத்து மரமரப்பு சிலருக்கு நிலைத்துவிடும். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். தையலடியில் நீர் கட்டினால் கிளினிக்கில் ஊசியால் எடுப்பார்கள். தண்ணீர் வாளி தூக்கவேண்டாம். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும்; தாதி காட்டித்தந்த பயிற்சியைச் செய்யுங்கள். காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு என்றால் கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காயம் ஆறியபின் பஞ்சு வைத்துத் தைத்த உள்ளாடை அணியலாம். அந்தச் சகோதரிக்கு அளவெடுத்திருக்கிறோம்.