குடை பிடித்த யானை

குடை பிடிச்சு நிக்கிற யானை, கண்ணாடி போட்ட ஆந்தை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற தவளை! கண்காட்சியில் எங்கள் பீங்கான் பிரிவு மேசைக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதை எப்படிப்பா செய்றீங்க?" நண்பர்களே, அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மண். சைனா களிமண், பால் கிளே, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் தூள்களைத் தண்ணீரில் கலந்தால் 'ஸ்லிப்'. தண்ணீர் கூடினால் பொம்மை அதிகம் சுருங்கும். ஆகவே கொஞ்சம் சோடியம் சிலிக்கேட் சேர்க்கிறோம். மண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும். குறைந்த தண்ணீரிலேயே கலவை மோர் மாதிரி ஓடும்.

இதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சி, ஓரத்தில் மண் தோல் கட்டும். கால் மணி நேரம் கழித்து மீதியைக் கவிழ்த்தால், உள்ளே காலியாக ஒரு யானை உடம்பு!

தும்பிக்கை, காது, குடை எல்லாம் ஒரே அச்சில் வராது, மாட்டிக்கொள்ளும். தனித்தனியாக எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். ஐயனார் கோயில் மண் குதிரைக்கும் காலைத் தனியே செய்துதானே உடம்போடு சேர்க்கிறார்கள்! நகத்தால் அழுத்தினால் தடம் விழணும், விரலில் ஒட்டக்கூடாது. அதுதான் பதம். இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஸ்லிப் தடவி அழுத்தணும். இரண்டு துண்டிலும் ஈரம் ஒரே அளவு இருக்கணும். இல்லாவிட்டால் ஒன்று அதிகமாகச் சுருங்கி, ஒட்டின இடத்திலேயே விரிசல் விடும்.

இனி என் கதை. கண்காட்சிக்கு அம்மா முதல் தடவையாக வருவதாக இருந்தது. அவசரத்தில், ஸ்லிப் ஊற்றிய ஓட்டையை அழகுக்காக மண்ணால் அடைத்துவிட்டேன். சரியாகக் காயாமலே சூளையில் வைத்தேன். யானை வெடித்தது. பக்கத்திலிருந்த நண்பர்களின் இரண்டு பொம்மைகளும் போயின. அவர்கள் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

உள்ளே அடைபட்ட காற்றுதான் காரணம் என்று நினைத்தேன். உண்மையில் குற்றவாளி ஈரம். தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். ஓட்டை இருந்தால் உட்பக்கமும் காயும், ஆவிக்கும் வழி கிடைக்கும்.

செங்கல் சூளையில் வேலை செய்யும் அப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடம் போகாதவர். "பச்சைக் கல்ல சூளையில அடுக்குவாங்களாடா? கன்னத்துல ஒத்திப் பாரு. சில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் இருக்கு" என்றார். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் குளிரும் என்று நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கன்னத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுபடி செய்தேன். ஒரு வாரம் நிழலில் காயவிட்டேன். 100 டிகிரி தாண்டும்வரை சூட்டை மெதுவாக ஏற்றினோம். 573 டிகிரியில் குவார்ட்ஸ் திடீரென விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கேயும் நிதானம் வேண்டும். முதல் சூடு 1,000 டிகிரிக்குள். பிறகு கிளேஸில் முக்கி, தட்டோடு ஒட்டாமலிருக்கப் பாதத்தை மட்டும் துடைத்து, 1,200 டிகிரி அளவில் மறுபடி சுட்டோம். 20 செ.மீ. யானை சுமார் 18 செ.மீ. ஆனது. ஒரு காது கொஞ்சம் கோணல்.

அம்மா பக்கத்தில் நின்றவரிடம், "எம்புள்ள செஞ்சது" என்றார்.

எங்கள் மேசைக்கு வந்தால் யானையைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பாதத்தில் ஓட்டை இருக்கும்.

— இரண்டாம் ஆண்டு, பீங்கான் தொழில்நுட்பம்