டூரிஸ்ட் தகவல் மையத்தை எங்கே வைக்கணும்? நெல்லைக்கு வழி சொல்லும் கம்ப்யூட்டர் வரைபடம்

நெல்லை: "அண்ணாச்சி, பாபநாசத்துக்கு எந்த பஸ்சுல ஏறணும்? இன்னைக்கு அருவியில குளிக்க விடுவாங்களா?" நெல்லை ஜங்ஷனிலும், வேய்ந்தான்குளம் புதிய பஸ் நிலையத்திலும் வெளியூர்க்காரர்கள் வழக்கமாக கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் பதில் சொல்வது டீக்கடைக்காரர், ஆட்டோ டிரைவர், பஸ் கண்டக்டர்தான்.

அந்த வேலையை செய்ய வேண்டியது சுற்றுலா தகவல் மையம். ஆனால் மையம் சரியான இடத்தில் இருந்தால்தான் ஆள் வருவார்கள். காலி அறை எங்கே கிடைக்கிறதோ அங்கே போர்டு மாட்டினால் ஈ ஓட்ட வேண்டியதுதான். சரியான இடத்தை கண்டுபிடிக்க பல நாடுகளில் 'ஜி.ஐ.எஸ்.' என்ற கம்ப்யூட்டர் வரைபட முறையை பயன்படுத்துகிறார்கள். தாமிரபரணி கரைக்கு இது எப்படி பொருந்தும்? விவரம் வருமாறு:-

தாள் மேல் தாள்

ஜி.ஐ.எஸ். என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு டிரேசிங் தாளில் கோவில், அருவி, அணைகளை குறிக்க வேண்டும். இன்னொரு தாளில் ரோடு, ரெயில் பாதை, பஸ் நிறுத்தம். மூன்றாவது தாளில் எந்த இடத்தில் எத்தனை பேர் வந்து இறங்குகிறார்கள் என்ற கணக்கு. நான்காவதில் வெள்ளம் வரும் பகுதி. எல்லா தாளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து பார்த்தால் எந்த இடம் தோது என்று தெரிந்து விடும். இதைத்தான் கம்ப்யூட்டர் நொடியில் செய்கிறது.

கனடாவில் 1960-களில் நில கணக்கெடுப்புக்காக இந்த முறை தொடங்கியது. நம் நாட்டில் இஸ்ரோ 2009-ல் 'புவன்' என்ற வரைபட சேவையை இன்டர்நெட்டில் கொண்டு வந்தது. செயற்கைக்கோள் படங்களை அதில் யாரும் பார்க்கலாம்.

ஆறு ஒன்று, மாவட்டம் மூன்று

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கி.மீ. ஓடி புன்னக்காயலில் கடலில் கலக்கிறது. சுற்றுலா வருபவர்களும் பெரும்பாலும் இந்த ஆற்றங்கரையை ஒட்டித்தான் சுற்றுகிறார்கள். ஆனால் அரசு அலுவலகங்கள் மாவட்ட கணக்கில் பிரிந்து கிடக்கின்றன.

நவ கைலாய கோவில்களை எடுத்துக்கொள்ளலாம். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர் ஆகிய 4 கோவில்கள் நெல்லை மாவட்டம். முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் ஆகிய 5 கோவில்கள் தூத்துக்குடி மாவட்டம். நவ திருப்பதி 9 கோவில்களும் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் வருகின்றன. குற்றாலமோ 2019 நவம்பரில் புதிதாக உருவான தென்காசி மாவட்டத்துக்கு போய்விட்டது.

காலையில் பாபநாசத்தில் குளித்து விட்டு சாயங்காலம் ஸ்ரீவைகுண்டத்தில் சாமி கும்பிடும் குடும்பத்துக்கு மாவட்ட எல்லை எதற்கு? எந்த கோவில் எத்தனை மணிக்கு நடை சாத்தும், கடைசி பஸ் எப்போது என்பதுதான் தெரிய வேண்டும். வரைபடத்தில் எல்லை கோட்டை அழித்து விட்டு பாதையை மட்டும் பார்த்தால்தான் மையத்துக்கு சரியான இடம் கிடைக்கும்.

கூட்டம் மட்டும் போதாது

கூட்டம் அதிகம் வரும் இடத்தில் மையம் வைத்தால் போதும் என்று தோன்றும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புரிவதற்காக ஒரு கற்பனை கணக்கு: ஜங்ஷனில் ஒரு நாளைக்கு 1,000 பேர், புதிய பஸ் நிலையத்தில் 800 பேர், அம்பாசமுத்திரத்தில் 500 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மையத்துக்குத்தான் காசு இருக்கிறது.

முதல் இரண்டு இடத்தையும் பிடித்தால் 1,800 பேர் பயன் பெறுவார்கள் என்று நினைப்போம். ஆனால் அந்த 800 பேரில் 600 பேர் ஏற்கனவே ஜங்ஷனில் விசாரித்து விட்டு வந்தவர்கள் என்றால்? உண்மையில் 1,200 பேர்தான். அம்பை ஆட்கள் செங்கோட்டை, தென்காசி வழியாக கேரளாவில் இருந்து நெல்லைக்கே வராமல் இறங்குகிறவர்கள் என்றால், ஜங்ஷனும் அம்பையும் சேர்ந்து 1,500 பேரை தொடும். கூட்டம் குறைந்த ஊர்தான் ஜெயிக்கிறது. இந்த மாதிரி கணக்கை ரிச்சர்ட் சர்ச், சார்லஸ் ரெவெல் என்ற இரண்டு பேர் 1974-லேயே வகுத்து விட்டார்கள். ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையத்துக்கு இடம் பார்க்கவும் இதே கணக்கு உதவுகிறது.

பாதை பிரியும் ஊர்

நெல்லையில் இருந்து சேரன்மகாதேவி வழியாக போனால் கல்லிடைக்குறிச்சியில் மணிமுத்தாறு ரோடு பிரிகிறது. ஆற்றை தாண்டி அம்பாசமுத்திரம் போனால் ஒரு ரோடு விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் போகிறது. இன்னொன்று கடையம், தென்காசி வழியாக குற்றாலம் பக்கம் போகிறது. எங்கே போவது என்று முடிவு எடுக்கும் இடம் இதுதான்.

வெள்ளம் வந்தால் மணிமுத்தாறு அருவியில் குளிக்க வனத்துறை தடை போடும். களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மாஞ்சோலைக்கு சொந்த வண்டியில் போக அனுமதி வேண்டும். இதை செக்போஸ்ட் வரை போன பிறகு கேட்டு என்ன பயன்? ஒரு நாள் கூலியை விட்டு, பிள்ளை குட்டிகளோடு பஸ் சார்ஜ் கொடுத்து வந்தவர் வெறும் கையோடு திரும்புவார். ரோடு பிரியும் இடத்திலேயே சொன்னால் வேறு இடத்துக்காவது போவார்.

உயிர் விஷயமும் இருக்கிறது. 2024 மே 17-ந்தேதி பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்ததில் 17 வயது சிறுவன் பலியானான். எச்சரிக்கை அருவிக்கரையில் மட்டும் இருந்தால் போதாது. தென்காசி பஸ் நிலையம் மாதிரி முன்னாலேயே இருக்கும் இடங்களிலும் வேண்டும்.

வெள்ளமும் சீசனும்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. நெல்லை ஜங்ஷன் பகுதி தண்ணீரில் மிதந்தது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலக வளாகத்திலும் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கி தவித்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு தகவல் அதிகம் தேவைப்படும் நேரமே அதுதான். மையமே மூழ்கினால் யார் சொல்வது? அதனால்தான் வெள்ள வரைபடத்தையும் சேர்த்து பார்க்க வேண்டும்.

சீசனும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலம், ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம், ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவில் என்று கூட்டம் இடம் மாறுகிறது. மாதவாரியாக வரைபடம் போட்டால், நிரந்தர மையம் எங்கே, சீசனுக்கு மட்டும் மேஜை போட வேண்டிய இடம் எங்கே என்று பிரித்து விடலாம்.

கம்ப்யூட்டருக்கு தெரியாதது

கணக்கு தப்பாக கொடுத்தால் வரைபடமும் தப்பாகத்தான் வரும். பஸ், ரெயில் டிக்கெட் கணக்கு, வனத்துறை செக்போஸ்ட் கணக்கு எல்லாம் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். இரவில் வெளிச்சம் இருக்கிறதா, பக்கத்தில் பெண்களுக்கு கழிப்பறை இருக்கிறதா, வெயிலில் நிற்க நிழல் உண்டா என்பதை நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் ஒரு வாரம் விசாரித்தாலே வெளியூர்க்காரர்கள் எங்கே நின்று வழி கேட்கிறார்கள் என்று தெரிந்து விடும். அந்த இடங்களையும் ஒரு தாளில் குறித்து மற்ற தாள்களோடு சேர்த்தால், மையத்துக்கு எந்த இடம் சரி என்பது சந்தேகம் இல்லாமல் தெரியும்.