இறந்த கிருமியிடம் இரவல் வாங்கும் நிமோகாக்கஸ்

கடும் காய்ச்சல், சளியுடன் இருமல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் வலி. இவை நிமோனியாவின் அறிகுறிகளாக இருக்கலாம். நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளில் சீழும் நீரும் தேங்குவதே இந்நோய். இதை உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையானது நிமோகாக்கஸ். நம்மில் பலருடைய, குறிப்பாகச் சிறு பிள்ளைகளுடைய, மூக்கிலும் தொண்டையிலும் இது எந்தத் தொல்லையும் தராமல் தங்கியிருப்பதுண்டு.

1928-ஆம் ஆண்டு இரண்டு காரணங்களுக்காக நினைவில் வைக்கத்தக்கது. அந்த ஆண்டில்தான் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் பிரெடரிக் கிரிஃபித் நிமோகாக்கஸ் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டார். நோய் தரும் வகையைச் சூடாக்கிக் கொன்று, தீங்கற்ற உயிருள்ள வகையோடு கலந்து எலிகளுக்குச் செலுத்தினார். எலிகள் இறந்தன. அவற்றின் இரத்தத்தில் நோய் தரும் வகை உயிரோடு இருந்தது! இறந்த கிருமியின் டி.என்.ஏ.வை உயிருள்ள கிருமி தனதாக்கிக்கொண்டது என்பது 1944-இல் தெளிவானது.

இந்தத் திறமைதான் பின்னர் பெனிசிலினுக்கே எதிரானது. எப்படி?

பாக்டீரியா தன்னைச் சுற்றிச் செல்சுவர் கட்டுகிறது. அதைக் கட்டும் புரதங்களில் பெனிசிலின் ஒட்டிக்கொண்டு வேலையைத் தடுக்கிறது. சுவர் பலமிழந்து கிருமி சாகிறது. ஆனால், வாயில் வாழும் உறவுக் கிருமிகள் சிதையும்போது வெளிவரும் டி.என்.ஏ. துண்டுகளை நிமோகாக்கஸ் எடுத்துத் தன் மரபணுவில் சேர்த்துக்கொள்ளும். அதனால் அப்புரதங்களின் வடிவம் மாறினால், பெனிசிலின் சரியாக ஒட்டாது. சுவர் வேலை தடையின்றி நடக்கும். 1977-இல் தென்னாப்பிரிக்காவில், பெனிசிலினோடு வேறு பல மருந்துகளையும் எதிர்க்கும் நிமோகாக்கஸ் கண்டறியப்பட்டது.

"அந்த மருந்து எனக்குப் பழகிவிட்டது, இனி கேட்காது" என்று சிலர் சொல்வார்கள். மருந்தை எதிர்க்கப் பழகுவது உங்கள் உடல் அல்ல, கிருமிதான். சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது. ஆண்டிபயாட்டிக் அதைத் தொடாது. தேவையின்றி விழுங்கும்போது, உங்கள் தொண்டையில் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்குபவை சாகும், அடங்காதவை பெருகும். இருமலோடு அவை வீட்டிலுள்ள பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் பரவலாம். அவர்களுக்கு நிமோனியா வந்தால், வழக்கமான மருந்து கைகொடுக்காமல் போகலாம்.

எனவே, மீதமான மாத்திரையை எடுத்து வைத்து அடுத்த காய்ச்சலுக்கு விழுங்காதீர்கள். பிறருக்கும் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொன்ன அளவையும் நாள்களையும் மாற்றாதீர்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசி சிங்கப்பூரில் 2009-லும் மலேசியாவில் 2020-லும் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நோயே வராவிட்டால் மருந்தும் தேவையில்லை அல்லவா? பிள்ளைகளுக்குத் தவறாமல் போடுங்கள். வீட்டில் முதியோர் இருந்தால் அவர்களுக்கும் இது தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, "இது வைரஸா, பாக்டீரியாவா டாக்டர்?" என்றும் கேட்டுப் பாருங்கள்.