"இது வீடா, ஜெயிலா?" - நாய்க்குட்டியும் கூண்டும்... எங்கள் வீட்டு ஐந்து வாரக் கதை!

செப்டம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. விடிகாலை மூன்றரை மணிக்கு பாத்ரூம் வாசலில் 'தொம்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால், 71 வயது மாமியார் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சின்னதாக ஒரு குளம். அந்தக் குளத்தை வெட்டியவளோ, அத்தையின் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

பொம்மி எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. மழையில் நனைந்து, கார் ஒன்றின் அடியில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டியை மகள் பள்ளிக்கூட பையோடு சேர்த்து அணைத்துத் தூக்கி வந்துவிட்டாள். பல்லைப் பார்த்த டாக்டர் 'இரண்டு மாசம் இருக்கும்' என்றார். அந்தப் பதினைந்து நாளும் மாப்பும் கையுமாகத்தான் நான் இருந்தேன்.

அத்தைக்கு மணிக்கட்டில் லேசான விரிசல். மூன்று வாரம் மாவுக்கட்டு. ஆபரேஷன் செய்த முழங்கால் தப்பித்தது பெரிய புண்ணியம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் கணவர் ஒன்றுமே பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "தீபாவளி வரைக்கும் பார்ப்போம். இது சரியாகலைன்னா நல்ல இடமாப் பார்த்துக் கொடுத்துடலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பேயில்லை. வயதானவர் இருக்கும் வீட்டில் ஈரத் தரை என்பது விளையாட்டு விஷயமா என்ன? ஆனால் மகள் அன்று சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஒரு கூண்டு வாங்குங்க" என்றார். வீட்டில் வந்து சொன்னதும் முதல் எதிர்ப்பு, கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அத்தையிடமிருந்துதான் வந்தது. "தெருவுல சுதந்திரமாத் திரிஞ்ச ஜீவனைக் கூட்டிட்டு வந்து ஜெயில்ல போடப் போறீங்களா? இது வீடா, என்ன?"

படுக்கும் இடம் சுத்தமாக இருக்கணும்!

கூண்டு எப்படி உதவும் என்று டாக்டர் விளக்கியது எளிமையாக இருந்தது. தெருவில் குட்டி போட்ட நாயைக் கவனித்திருக்கிறீர்களா? மணல்மேடு, படிக்கட்டுக்கு அடி, லாரிக்குக் கீழே என ஒரு ஒதுக்கமான இடத்தைத்தான் தேடும். ஆரம்ப நாட்களில் குட்டிகளின் கழிவைத் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடும். மூன்று வாரம் தாண்டி நடக்க ஆரம்பித்ததும், குட்டிகள் படுக்கும் இடத்தைவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய்தான் ஒன்றுக்கு இருக்கும். படுக்கையை அசிங்கப்படுத்தக் கூடாது என்பது நாய்க்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அந்தச் சின்ன உயிருக்கு எங்கள் இரண்டு பெட்ரூம் வீட்டில் எது படுக்கை, எது கழிப்பிடம் என்று எப்படித் தெரியும்? சோபாவுக்குப் பின்னால் என்பதே அதற்கு 'வெளியே'தான். 

கூண்டு செய்வது இவ்வளவுதான்: 'இது உன் படுக்கை' என்று ஒரு சின்ன இடத்தைக் காட்டுகிறது. குட்டி அங்கே சற்று அடக்கிக்கொள்ளும். அடக்கியதைச் சரியான நேரத்தில், சரியான இடத்துக்குக் கொண்டுபோவது நம் வேலை. அந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு கூண்டை மட்டும் வாங்கினால், அத்தை சொன்ன ஜெயில்தான் அது.

நாங்கள் செய்த மூன்று தப்பு

முதல் தப்பு, கடையிலேயே. "வளர்ற குட்டிதானே, பெருசா வாங்கிடுங்க" என்றார் கடைக்காரர். யூனிஃபார்மை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தே வளர்ந்த எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. விளைவு? பொம்மி ஒரு மூலையில் படுத்துக்கொண்டு, எதிர் மூலையைப் பாத்ரூமாக்கிவிட்டாள். நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் இடம் இருந்தால் மறைக்க வேண்டும். சில கம்பிக் கூண்டுகளில் அதற்கென்றே தடுப்பு வருகிறது. எங்களுடையதில் இல்லை, ஒரு பலகையைக் கம்பியால் கட்டிச் சமாளித்தோம். அவள் வளர வளரப் பலகையும் பின்னால் நகர்ந்தது.

இரண்டாவது தப்பு, முதல் நாளே தூக்கி உள்ளே போட்டு கதவைச் சாத்தியது. முக்கால் மணி நேரம் கத்தினாள். பயத்தில் உள்ளேயே எல்லாம் போய், அதிலேயே புரண்டாள். அத்தை என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மூன்றாவதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆபீஸ் செருப்பைக் கடித்துக் குதறியதற்கு, "போ உள்ளே!" என்று திட்டிக் கூண்டில் அடைத்தேன். அதற்கப்புறம் இரண்டு நாள் கூண்டுப் பக்கமே அவள் வரவில்லை. தண்டனைக்கும் தூக்கத்துக்கும் ஒரே இடம் என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்?

மறுபடியும் முதலிலிருந்து...

இந்த முறை கதவை நூலால் கட்டி, திறந்தபடியே விட்டோம். அத்தையின் பழைய நூல் புடவையை மடித்து உள்ளே விரித்தோம். சோறும் தண்ணீரும் முதலில் வாசலில், அடுத்த நாள் கொஞ்சம் உள்ளே, பிறகு கடைசி மூலையில். நாலாம் நாள், அவள் சாப்பிடும் நேரம் மட்டும் கதவைச் சாத்தி, தட்டு காலியாவதற்குள் திறந்தோம். அப்புறம் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நான் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கும் நேரம் என்று கூடிக்கொண்டே போனது. ஒரு வாரத்தில் மதியத் தூக்கத்துக்குத் தானாகவே உள்ளே போனாள். குட்டிகள் நாளில் 18 மணி நேரம்கூடத் தூங்கும் என்பதால், இது நினைத்த அளவு கஷ்டமில்லை.

எவ்வளவு நேரம் அடக்கும்? வயதை மாதத்தில் எண்ணி, ஒன்றைக் கூட்டுங்கள். இரண்டு மாதக் குட்டி என்றால் அதிகபட்சம் மூன்று மணி நேரம். அதுவும் தூங்கும்போதுதான். விழித்து விளையாடும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோகத்தான் வேண்டும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள்ளும், ஓடி விளையாடி முடித்ததும், படுக்கும் முன்பும் போயே ஆகவேண்டும்.

எங்களுக்கு 'வெளியே' என்பதுதான் தலைவலி. மூன்றாவது மாடி. தடுப்பூசி முழுதாக முடியும் வரை, அதாவது சுமார் நாலு மாத வயது வரை, தெரு நாய்கள் புழங்கும் மண்ணில் இறக்கக் கூடாது, பார்வோ வைரஸ் மண்ணிலேயே மாதக்கணக்கில் இருக்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மொட்டை மாடிக்கு அழைத்துப் போனால், வடாம் காயப் போடும் இடம் என்று அசோசியேஷனில் புகார். கடைசியில் நர்சரியிலிருந்து மண் வாங்கி, ஒரு அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி பால்கனியில் வைத்தோம். போன வேலை முடிந்த நொடியே ஒரு துண்டு வேகவைத்த கோழி. நொடி என்றால் நொடிதான், கிச்சனுக்குள் வந்து கொடுத்தால், 'கிச்சனுக்கு வந்ததற்குப் பரிசு' என்றுதான் அவளுக்குப் புரியும்!

ராத்திரியில் கூண்டு எங்கள் கட்டில் பக்கத்திலேயே. இரண்டு மணிக்கு அலாரம். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், தொட்டிக்குத் தூக்கிப் போய், திரும்ப உள்ளே. அங்கே விளையாட்டு காட்டினால், மறுநாள் முதல் இரண்டு மணி விளையாட்டு நேரமாகிவிடும்.

காலண்டரில் எழுதிய கணக்கு

இவ்வளவு செய்தும் ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது ஹாலில் குளம். கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஜெயில் என்று சொன்ன அதே அத்தை. பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் அவர்தான். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், இடது கையால் கோணல்மாணலாக மணியைக் குறித்து, 'ஒ', 'இ' என்று எழுத ஆரம்பித்தார். ஒண்ணுக்கு, இரண்டுக்கு! பத்து நாள் கணக்கைப் பார்த்தால், ஹால் விபத்துகளில் பாதிக்கு மேல் மாலை நாலரையிலிருந்து ஐந்துக்குள். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் கொஞ்சும் நேரம். குட்டி அப்போதுதான் தூங்கி எழுந்திருக்கும். "வந்ததும் முதல்ல அவளைத் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போ, அப்புறம் கொஞ்சு" என்று பேத்திக்கு உத்தரவு போட்டார். அந்த வாரமே பாதி குறைந்துவிட்டது.

இன்னொரு காரணமும் இருந்தது. நான் விழுந்து விழுந்து துடைத்த பினாயில். அது வாசனையைத்தான் மூடுமே தவிர, நாயின் மூக்குக்குப் பழைய இடம் தெரிந்துகொண்டுதான் இருக்கும். தவிர, பினாயில் பட்ட காலை நக்கினால் குட்டிக்கு ஆபத்து. அம்மோனியா கலந்த கிளீனரோ சிறுநீர் வாசனையையே நினைவூட்டும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கிளீனர்தான் சரி. மூக்கை அதில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் பழைய கால வழக்கம். அதனால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போவது!

அத்தை சொன்னதிலும் நியாயம் இருக்கிறது

ஸ்வீடன், ஃபின்லாந்து போன்ற நாடுகளில், பயணம் மாதிரியான காரணம் இல்லாமல் நாயை வழக்கமாகக் கூண்டில் பூட்டிவைக்க சட்டம் இடம்தருவதில்லை. நம் நாட்டிலும், 1960-ம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11-வது பிரிவு, போதுமான அளவு அசைய முடியாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்றே சொல்கிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், ஒன்பது மணி நேரம் வீட்டில் யாருமே இல்லை என்றால், கூண்டு உங்களுக்கான வழி அல்ல. ஒரு அறையின் ஓரத்தைத் தடுப்பு வைத்து அடைத்து, ஒரு பக்கம் படுக்கை, மறு பக்கம் செய்தித்தாள் என்று விடுங்கள். நடுவில் வந்து பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். அதுவும் முடியாதென்றால், குட்டி வளர்க்க இது சரியான வருடம் இல்லை என்பது என் கருத்து.

நம் ஊர் வெயிலுக்கு நாலு பக்கமும் காற்று வரும் கம்பிக் கூண்டே நல்லது. பால்கனி வெயிலில் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும். எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து, பதறுகிற குட்டியை 'பழகிவிடும்' என்று விட்டுவைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டு சொட்டாகப் போனாலும் அப்படித்தான், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

தீபாவளி வந்தது. காலண்டரில் அதற்கு முந்தைய எட்டு நாளும் ஹால் கணக்கு காலி. சாயந்திரம் முதல் சரவெடிக்கே பொம்மி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். சோபாவுக்குப் பின்னாலும் இல்லை, கட்டிலுக்கு அடியிலும் இல்லை. கூண்டுக்குள் போய், அந்தப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் பெட்ஷீட் ஒன்றை எடுத்து வந்து மூன்று பக்கமும் மூடினார். காற்றுக்கு முன்பக்கத்தைத் திறந்து விட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மாவுக்கட்டு பிரித்த கையைக் கம்பிக்குள் விட்டிருந்தார்.

கணவர் கொடுத்த கெடுவை அவரும் ஞாபகப்படுத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போதும் விருந்தாளிகள் வந்தால் சந்தோஷத்தில் நாலு சொட்டு விட்டுவிடுகிறாள். அதற்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறோம்.