மீயுயர் காந்தப்புலச் செயல்பாட்டு மூளைப் படிமவியல்

மீயுயர் காந்தப்புலச் செயல்பாட்டு மூளைப் படிமவியல் என்பது 7 டெசுலா அல்லது அதற்கு மேற்பட்ட காந்தப்புலத்தைப் பயன்படுத்தி, மனித மூளை இயங்கும் விதத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நுணுக்கத்தில் படம்பிடிக்கும் முறையாகும். மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெசுலா வலிமை கொண்டவை. 7 டெசுலா என்பது புவியின் காந்தப்புலத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகமாகும்.

அடிப்படை

இம்முறையில் நரம்பணுக்களின் மின்செயல் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மூளையின் ஒரு பகுதி செயல்படும்போது, அங்கே செலவாவதை விட அதிகமான ஆக்சிசனை இரத்தம் கொண்டுவருகிறது. ஆக்சிசனை இழந்த ஈமோகுளோபின் தன்னைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும். அதன் அளவு குறையும்போது எம்.ஆர்.ஐ. குறிகை கூடுகிறது. இவ்விளைவைச் சேஜி ஒகாவாவும் குழுவினரும் 1990-இல் எலிகளில் விளக்கினர். 1992-இல் இது மனித மூளையிலும் காட்டப்பட்டது.

காந்தப்புலம் உயரும்போது இக்குறிகையும் வலுக்கிறது. எனவே 3 மி.மீ. பக்கமுள்ள கனசதுரங்களுக்குப் பதிலாக 0.8 மி.மீ. கனசதுரங்களாக மூளையைப் பிரித்துப் பார்க்கலாம். கன அளவில் இது ஏறத்தாழ 50-இல் ஒரு பங்கு.

அடுக்குகளின் முக்கியத்துவம்

பெருமூளைப் புறணி சுமார் 2 முதல் 4 மி.மீ. தடிப்பும் பெரும்பாலும் ஆறு அடுக்குகளும் கொண்டது. பார்வைப் புறணியில், கண்ணிலிருந்து தலாமசு வழியாக வரும் செய்தி முக்கியமாக நடு அடுக்கை அடைகிறது. மூளையின் உயர்நிலைப் பகுதிகளிலிருந்து திரும்பி வரும் செய்தி பெரும்பாலும் மேல் அடுக்குகளையும் ஆழ் அடுக்குகளையும் சேர்கிறது. ஆகவே எந்த அடுக்கு செயல்படுகிறது என்பதைக் கொண்டு, ஒரு செயல்பாடு கண்ணில் பட்ட காட்சியால் எழுந்ததா, எதிர்பார்ப்பாலோ கற்பனையாலோ எழுந்ததா என ஆராய முடிகிறது.

2008-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோடுகளின் சாய்வுக்கேற்பத் துலங்கும் நரம்பணு நிரல்களை 7 டெசுலா கருவியால் மனிதரில் கண்டறிந்தனர்.

சிக்கல்கள்

புறணியின் ஆழத்திலிருந்து இரத்தம் மேற்பரப்பிலுள்ள சிரைகளை நோக்கி வடிகிறது. ஆழ் அடுக்கில் நிகழ்ந்த மாற்றம் இரத்தத்துடன் மேலே சென்று, மேல் அடுக்கே செயல்பட்டது போன்ற தோற்றத்தைத் தரலாம். கருவி எவ்வளவு நுணுக்கமானதாயினும் இப்பிழை தானாக நீங்காது. இதைக் குறைக்க, ஆக்சிசன் அளவுக்குப் பதிலாக இரத்தக் கன அளவின் மாற்றத்தை அளக்கும் முறைகள் பயன்படுகின்றன.

7 டெசுலாவில் பயன்படும் வானொலி அலையின் அதிர்வெண் சுமார் 300 மெகாகெர்ட்சு. திசுவினுள் இதன் அலைநீளம் தலையின் அளவை விடச் சிறிதாவதால் படத்தில் வெளிச்சம் சீராக இருப்பதில்லை. திசு சூடாவதையும் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது. தலை ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் அடுக்குகள் கலந்துவிடும். கருவிக்குள் செல்லும்போது சிலருக்குத் தற்காலிகத் தலைச்சுற்றல் ஏற்படும்.

இன்றைய நிலை

2017-இல் ஐக்கிய அமெரிக்காவில் 7 டெசுலா கருவி ஒன்றுக்கு மருத்துவப் பயன்பாட்டுக்கான ஒப்புதல் முதன்முதலாகக் கிடைத்தது. பிரான்சின் சக்லே நகரிலுள்ள 11.7 டெசுலா 'இசோல்ட்' கருவி, மனித மூளையின் முதல் படங்களை 2024-இல் வெளியிட்டது. அதன் 132 டன் காந்தம் நீர்ம ஈலியத்தால் 1.8 கெல்வின் வரை குளிர்விக்கப்படுகிறது.