பந்தைத் தொடாதவர் செய்யும் வேலை

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வில் ஸ்டீவ் கெர் ஆடியது 910 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக அவர் எடுத்தது 6 புள்ளிகள். அவருடைய சக ஆட்டக்காரர் மைக்கேல் ஜோர்டனின் சராசரி 30. 191 சென்டிமீட்டர் உயரம், அந்த உலகில் குள்ளம் என்றே சொல்ல வேண்டும். வேகமும் கிடையாது. ஆனால் கோப்பை வென்ற அணியில் ஐந்து முறை இருந்தார். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

முதலில் வளையத்தைப் பார்ப்போம். அதன் குறுக்களவு 45.7 சென்டிமீட்டர், பந்தினுடையது ஏறக்குறைய 24. தாராளமான இடம்தானே என்று தோன்றும். ஒரு வளையலைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள், வட்டம் ஒடுங்கிக்கொண்டே போகும். பறந்து வரும் பந்துக்கும் வளையம் அப்படித்தான் தெரிகிறது. 45 பாகைச் சாய்வில் இறங்கும் பந்துக்கு வாசல் 32 சென்டிமீட்டர்தான். 30 பாகை என்றால் 23க்கும் கீழே போய்விடுகிறது. பந்தைவிட வாசல் சிறிது! நேராக வீசாமல் வானத்தை நோக்கி வீசுவதன் ரகசியம் இதுதான்.

விரல் நுனியில் இன்னொரு வித்தை இருக்கிறது. நல்ல வீச்சில் பந்து வீசியவரை நோக்கிப் பின்புறமாகச் சுழன்றபடியே போகும். இது பின்சுழற்சி. பந்து பலகையில் பட்டால் இந்தச் சுழற்சி அதைக் கீழ்நோக்கி இழுக்கிறது. வளையத்தில் பட்டால் முன்னோக்கிய வேகத்தைத் தின்றுவிடுகிறது. துள்ளி ஓட வேண்டிய பந்து சோர்ந்து உள்ளே விழுகிறது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் சில்வர்பெர்க், டிரான் இருவரும் கணினியில் லட்சக்கணக்கான தண்டனை வீச்சுகளை (ஃப்ரீ த்ரோ) போட்டுப் பார்த்தார்கள். 52 பாகையில் ஏவி, நொடிக்கு மூன்று சுற்று சுழலவிடுவதே சிறந்தது என்று கண்டார்கள்.

இனி புள்ளிக் கணக்கு. வளையத்திலிருந்து 7.24 மீட்டர் தள்ளி (மூலைகளில் 6.7 மீட்டர்) ஒரு வளைகோடு. அதற்கு வெளியிலிருந்து போட்டால் 3 புள்ளி, உள்ளிருந்து போட்டால் 2. பாதி பலிக்கும் ஆட்டக்காரர் உள்ளிருந்து 100 முறை எறிந்தால் கிடைப்பது 100 புள்ளி. வெளியிலிருந்து எறிபவருக்கு மூன்றில் ஒன்று பலித்தாலே அதே 100 வந்துவிடும். கெர்ரின் வாழ்நாள் விகிதம் 45.4 சதவீதம். என்.பி.ஏ. வரலாற்றில் இதுவே முதலிடம். அதாவது 100 வீச்சுக்கு 136 புள்ளி. உள்ளிருந்து ஆடி இதை எட்ட 68 சதவீதம் பலிக்க வேண்டும். அதற்கு வளையத்தின் அடியிலேயே குடியிருக்க வேண்டும்.

இந்தக் கோடு அவர் வாழ்க்கையில் நுழைந்ததும் விசித்திரமான நேரத்தில்தான். அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படிக்கையில், 1984 ஜனவரியில், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத் தலைவராயிருந்த அவர் தந்தை மால்கம் கெர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாளில் மகன் களத்தில் இறங்கி ஆடினார். 1986இல் ஸ்பெயினில் நடந்த உலகப் போட்டியில் முழங்கால் சிதைந்து ஒரு பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தார். கல்லூரிக் கூடைப்பந்து அமெரிக்கா முழுவதும் மூன்று புள்ளிக் கோட்டைக் கொண்டுவந்தது அதே பருவத்தில்தான்! திரும்பி வந்த ஆண்டில் கோட்டுக்கு வெளியிலிருந்து 199 முறை எறிந்தார், 114 விழுந்தன. அப்படியிருந்தும் 1988இல் என்.பி.ஏ. அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது 50ஆவது ஆளாகத்தான் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி அவரை எடுத்தது.

இவ்வளவு லாபமான வீச்சு கையிலிருந்தும், 910 ஆட்டங்களில் அவர் வெளியிலிருந்து எறிந்தது 1,599 முறைதான். ஆட்டத்துக்கு இரண்டுகூட இல்லை. வீணடித்தார்கள் என்று ஒரு பக்கம் எனக்குத் தோன்றுகிறது. அன்றைய பயிற்சியாளர்களுக்கு அந்தக் கோடு பாதி வேடிக்கைதான். ஆனால் கெர் எறியாதபோதும் வேலை செய்துகொண்டிருந்தார். கோட்டருகே அவர் நின்றாலே எதிரணியில் ஒருவர் அவரைவிட்டு நகர முடியாது. பத்துப் பேர் நெருக்கியடிக்கும் களத்தில் நடுவே ஓர் இடம் காலியாகும். அந்த இடத்தில் ஜோர்டன் புகுவார்.

நகர்ந்துவிட்டால் என்ன ஆகும்? 1997 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், கெர்ரும் ஜோர்டனும் ஆடிய சிகாகோ புல்ஸும் எதிரணி யூட்டா ஜாஸும் 86–86. கடைசி வீச்சு ஜோர்டனுடையது என்பது உலகத்துக்கே தெரியும். கெர்ரைக் காவல் காத்த ஜான் ஸ்டாக்டன் ஜோர்டனை மறிக்க ஓடினார். ஜோர்டன் பந்தைக் கெர்ரிடம் தள்ளிவிட்டார். ஐந்து நொடி மீதமிருக்கையில் கெர் எறிந்தது உள்ளே விழுந்தது. கோட்டுக்கு உள்ளிருந்து போட்ட வெறும் இரண்டு புள்ளி. கோப்பைக்கு அது போதும்.

2014இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி கெர்ரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியபோது, அதற்கு முன் அவர் எந்த அணிக்கும் பயிற்சியளித்ததில்லை. முந்தைய பருவத்தில் என்.பி.ஏ. அணிகளிலேயே பந்தைக் கைமாற்றுவதில் கடைசியாக இருந்தது அந்த அணி. ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று கெர் இலக்கு வைத்தார். எவ்வளவு வேகமான மனிதனையும் பந்து முந்திவிடும். நான்கைந்து கை மாறினால் தடுப்பவர்களில் யாராவது ஒருவர் ஓரடி பிந்துவார். அந்த ஓரடி போதும்.

கூடவே மறிப்பு. தன் கூட்டாளியைத் துரத்துபவரின் வழியில் ஒருவர் அசையாமல் சுவர்போல் நிற்பதுதான் அது. வழக்கமாக உயரமானவர்கள் செய்யும் இந்த எடுபிடி வேலையை, அணியின் நட்சத்திரமான ஸ்டீஃபன் கறியையே செய்ய வைத்தார். கறியை விடவும் பயம், மறுபக்கம் ஓடுபவரை விடவும் பயம் என்று தடுப்பவர் இருவரும் ஒருவரையே துரத்த, மற்றவர் தனியே நிற்பார். முதல் பருவத்திலேயே 67 வெற்றி, 40 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை. அடுத்த பருவத்தில் கறி மட்டும் 402 மூன்று புள்ளி வீச்சுகளைப் போட்டார். கெர் பதினைந்து பருவங்களில் போட்டது மொத்தம் 726.

அந்த 2015–16 பருவத்தில் அணி 73 ஆட்டங்களை வென்றது; தோற்றது ஒன்பதே. முதுகு அறுவை சிகிச்சையின் பின்விளைவால் முதல் 43 ஆட்டங்களுக்குக் கெர் பெஞ்சில் இல்லை. துணைப் பயிற்சியாளர் லூக் வால்டன் பார்த்துக்கொண்டார். 39 வெற்றி, 4 தோல்வி. விதிப்படி அந்த 39 வெற்றிகளும் கெர் பெயரிலேயே பதிவாயின. ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதும் அவருக்கே போனது.