வாடகை மலிவு... வாசப்படி பழசு!

அமெரிக்கா என்றதும் நமக்கு நியூயார்க்கும் சான்ஃபிரான்சிஸ்கோவும்தான் ஞாபகம் வரும். சம்பளத்தில் பாதியை வாடகைக்கு அழுதுவிட்டு, மீதியில் நூடுல்ஸ் சாப்பிடும் நம்ம பையன்கள் அங்கேதான் அதிகம். மேக்கன் என்று ஓர் ஊர் இருக்கிறது என்றால், 'அது எந்த ஜில்லா?' என்பீர்கள்.

ஜார்ஜியா மாநிலம் சார்! அட்லாண்டாவிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம். 1823-ல் உருவான ஊர். ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துச் சொச்சம். வேலை நிமித்தம் இங்கே குடியேறி மூன்று வருஷமாகிறது. வாடகை மாதம் 950 டாலர். அட்லாண்டாவில் இதே வீட்டுக்கு இன்னும் பாதியாவது சேர்த்துக் கேட்பார்கள்.

'நீங்க என்ன ஆளுங்க?'

வீடு பார்க்கப் போனால் இங்கே அந்தக் கேள்வி வராது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு இதையெல்லாம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று 1968-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆகா என்று துள்ளிக் குதிக்காதீர்கள். ஜாதகத்துக்குப் பதில் 'கிரெடிட் ஸ்கோர்' பார்ப்பார்கள். கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவனுக்கு நல்ல ஸ்கோர். கடனே வாங்காத உத்தமனுக்கு ஸ்கோரே கிடையாது! புதுசாக வந்திறங்கும் நம்மாட்கள் முழிப்பது இங்கேதான். வாடகையைப் போல மூன்று மடங்கு சம்பளம் வருகிறதா என்பது அடுத்த கேள்வி.

அட்வான்ஸ்? 2024 ஜூலையிலிருந்து ஜார்ஜியாவில் இரண்டு மாத வாடகைக்கு மேல் டெபாசிட் வாங்கக் கூடாது. காலி செய்தால் 30 நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும். சென்னையில் பத்து மாச அட்வான்ஸ் கொடுத்து, 'பெயிண்ட் அடிக்கணும்' என்ற ஒரே வார்த்தையில் அதில் பாதியைப் பறிகொடுத்தவர்கள் பெருமூச்சு விடலாம். ஆனாலும் குடிபோகும் அன்றே சுவரில் உள்ள ஓட்டை, கீறல் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரர் எந்த ஊரிலும் வீட்டுக்காரர்தான்!

முனகும் வீடு

நான் இருப்பது நூறு வயசு தாண்டிய மரவீட்டில் ஒரு போர்ஷன். முன்னால் நம்மூர் திண்ணை மாதிரி 'போர்ச்'. உயரமான கூரை, மரத்தரை. ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தால் வீடே முனகும். மாடிக்காரருக்குத் தூக்கம் கலையும். மார்ச் மாதம் செர்ரி பூத்தால் தெருவே கல்யாண வீடு. ஊரில் மூன்று லட்சம் செர்ரி மரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆளுக்கு இரண்டு!

ஜூலையில்தான் வினை. வெயில் 33 டிகிரி. ஏ.சி. குளிரில் பாதி ஜன்னல் இடுக்கு வழியாகத் தெருவுக்குப் போகும். கரண்ட் பில்லை வாடகையின் தம்பி என்று சொல்லலாம். கார் இல்லாவிட்டால் பால் வாங்குவதே பெரும்பாடு. தவணை, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் 'மலிவு' என்று சொல்லுங்கள்.

போனவர்கள்

ஊரின் ஆற்றங்கரையில் ஆயிரம் வருஷத்து மண்மேடுகள் இருக்கின்றன. அவற்றைத் தங்கள் மூதாதையர் பூமி என்று போற்றும் மஸ்கோகி மக்களை 1830-களில் இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டிவிட்டார்கள்.

பிளஸன்ட் ஹில், கறுப்பினத்தவர் வாழ்ந்த பேட்டை. பாடகர் லிட்டில் ரிச்சர்ட் வளர்ந்தது அங்கேதான். 1960-களில் இன்டர்ஸ்டேட் 75 நெடுஞ்சாலையை அதன் நடுவே போட்டார்கள். வீடுகள் போயின, தெருக்கள் துண்டாயின. பிற்பாடு சாலையை விரிவாக்கியபோது ரிச்சர்டின் வீட்டைப் பெயர்த்து வேறிடத்தில் வைத்துக் காப்பாற்றினார்கள். பிரபலத்தின் வீடு, தூக்கி வைத்தார்கள். மற்றவர்கள் வீடு?

இந்த ஊரில் கட்டடங்களுக்கு ஆயுசு கெட்டி. குடியிருப்பவர்களுக்குத்தான் உத்தரவாதமில்லை.

என் எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் இருந்தார். லீஸ் முடிந்ததும் வாடகையில் 150 டாலர் ஏற்றினார்கள். எனக்கு அது ஹோட்டல் செலவு. அவருக்கு மருந்துச் செலவு. மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஜார்ஜியாவில் வாடகைக்கு உச்சவரம்பு வைக்க நகராட்சிகளுக்கு அதிகாரமே கிடையாது; மாநிலச் சட்டம் தடுக்கிறது. பாக்கி வைத்தால் கதவில் நோட்டீஸ். மூன்று வேலை நாள் அவகாசம். அதுகூட 2024-ல் வந்த கருணைதான். அதற்குள் கட்டாவிட்டால் கோர்ட். சம்மன் வந்த ஏழு நாளில் பதில் தராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த வீட்டுக்கு இப்போது என்னைப் போல ஓர் ஆபீஸ் பையன் வந்திருக்கிறான். 'செம சீப் ப்ரோ!' என்கிறான். அவனுக்குச் சீப்தான். ஏற்றிய வாடகை அவனுக்குத் தெரியாதே!

ஆகவே, மலிவான ஊர் தேடிப் போகும் தம்பிகளே... அது மேக்கனோ மாயவரமோ, கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். போன வருஷம் வாடகை என்ன? கரண்ட் பில் எவ்வளவு? முன்னால் இருந்தவர் ஏன் காலி செய்தார்?

முதல் இரண்டும் உங்கள் பர்ஸுக்கு. மூன்றாவதற்கு வீட்டுக்காரர் தடுமாறினால், அடுத்த வருஷம் உங்கள் கதை என்னவென்று இப்போதே தெரிந்துவிடும்!